விலை கூடின ஊசி

எமது செய்திமடலில் விழா விபரங்களையும் பெரியோர் கட்டுரைகளையும் வாசிப்பதோடு நின்றுவிடும் நான், இம்முறை எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு எனக்கு மார்பகப் புற்றுநோய் எனக் கண்டு, ஸ்காபுறோவில் சத்திரசிகிச்சையும், அதன்பின் நான்கு தடவை கீமோ சிகிச்சையும் நடைபெற்றன. வருத்தத்தைப் பற்றிக் கதைக்கவே எங்கள் பெண்கள் கூச்சப்படுகின்றார்கள். அந்த வருத்தத்துக்கு ஆகும் செலவைப் பற்றிக் கதைப்பதென்றால் அதைவிடக் கூச்சம். சுகமாகிக் கோவிலுக்கு வரத் தொடங்கிய பின்னர் மூன்று பேர் என்னைத் தனியே அழைத்தார்கள். மூவரும் கேட்ட கேள்வி ஒன்றே: "அக்கா, அந்த விலை கூடின ஊசியை நீங்கள் போட்டனீங்களோ?"

அவர்கள் மூவருக்கும் காதோடு காதாகச் சொன்னதை இங்கே எல்லோருக்கும் பொதுவாக எழுதுகின்றேன்.

ஒன்ராறியோவில் வைத்தியசாலையில் வைத்து ஏற்றப்படும் கீமோவுக்கு நாம் ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. ஒஹிப் அட்டை போதும். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாவிக்கும் மாத்திரைகளும் ஊசிகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. வேலைத்தலத்துக் காப்புறுதி உள்ளவர்களுக்கு அது கொடுக்கும். அறுபத்தைந்து வயது கடந்தவர்களுக்கு மாகாண அரசின் மருந்துத் திட்டம் உண்டு. எனக்கு அப்போது வயது ஐம்பத்தேழு. என் கணவர் வேலைசெய்த தொழிற்சாலை மூடப்பட்டதோடு காப்புறுதியும் போய்விட்டது. ஆகவே டொக்டர் ஒவ்வொரு துணை மருந்தையும் சொல்லி, "இது கட்டாயமில்லை, நீங்கள் தீர்மானிக்கலாம்" என்றபோது, எங்களுக்கு அது மருத்துவக் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை.

எனக்குத் தந்த கீமோவில் இரண்டு மருந்துகள்: டோசிடாக்செல், சைக்ளோபொஸ்பமைட். மூன்று கிழமைக்கு ஒரு தடவை. இவை புற்றுநோய்க் கலங்களோடு சேர்த்து, எலும்பு மச்சையில் உருவாகும் வெள்ளை இரத்தக் கலங்களையும் குறைத்துவிடும். மருந்து ஏற்றி ஏழாம் நாளளவில் தொடங்கிச் சில நாட்களுக்கு உடம்பில் காவற்காரர் இல்லாத நிலை. அந்நேரம் கிருமி புகுந்தால், சாதாரண காய்ச்சல்போலத் தொடங்குவது சில மணித்தியாலங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கலங்களை விரைவாக வளரச்செய்வதுதான் பெக்பில்கிராஸ்டிம் என்ற அந்த விலை கூடின ஊசி. கீமோ ஏற்றி ஒரு நாள் கழித்து, வயிற்றுத் தோலின் கீழ் ஒன்று போட்டால் போதும்.

பார்மஸியில் முதலில் சொன்ன விலை, ஊசி ஒன்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு டொலருக்கு மேல். நான்கு ஊசிக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். எங்களிடம் இருந்த ஒரே கைமுதல், இளைய மகளின் கலியாணத்துக்கென்று கட்டிவந்த சீட்டுத்தான்.

அன்றிரவு என் கணவர், "இஞ்சரும், சீட்டை இந்த மாதமே கழிவு குடுத்து எடுப்பம். பிறகு பாப்பம்" என்றார். எனக்கோ மனம் ஒப்பவில்லை. "கட்டாயமில்லை எண்டு டொக்டரே சொல்லுறார். ஏன் பிள்ளையின்ர காசைக் கரைப்பான்?" என்றேன். மூத்தவள் குறுக்கிட்டு, "அம்மா, கட்டாயமில்லை எண்டால் தேவையில்லை எண்டு அர்த்தமில்லை. என்ன அர்த்தம் எண்டு முதல்ல கேப்பம்" என்று சொன்னாள். அவள் சொன்னதே எங்களுக்கு வழி காட்டியது.

அடுத்த சந்திப்பில் டொக்டரிடம் நேராகவே கேட்டோம். அவர் பொறுமையாக விளக்கினார். காய்ச்சலோடு வைத்தியசாலைக்கு வரும் ஆபத்து ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் என்றால் இந்த ஊசியைப் போடும்படி மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. பத்தில் ஒருவருக்கும் ஐந்தில் ஒருவருக்கும் இடைப்பட்ட ஆபத்து என்றால், வயதையும் வேறு வருத்தங்களையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அதற்கும் குறைவென்றால் பெரும்பாலும் தேவைப்படாது. என் கீமோ முதலாவது வகையைச் சேர்ந்தது, எனக்கு நீரிழிவும் உண்டு. வெள்ளைக் கலங்கள் ஏறாவிட்டால் அடுத்த தடவை தள்ளிப்போகும், அல்லது மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும். வருத்தத்தை முற்றாக மாற்றும் நோக்கோடு செய்யும் சிகிச்சையில் அது விரும்பத்தக்கதல்ல. இதைக் கேட்டபின் ஊசி வேண்டுமா என்ற கேள்வி தீர்ந்தது. பணத்துக்கு என்ன வழி என்பதே மிஞ்சியது.

அதற்கும் வழி இருந்தது. புற்றுநோய்ப் பிரிவில், மருந்துச் செலவுக்கு உதவி தேடித் தருவதற்கென்றே ஓர் உத்தியோகத்தர் இருந்தார். நாம் கேட்கும்வரை அப்படி ஒருவர் இருப்பதே எமக்குத் தெரியாது. அவர் இரண்டு விடயங்களைச் சொன்னார். ஒன்று, இந்த ஊசிக்கு நிகரான, விலை குறைந்த ஊசிகள் 2018 முதல் கனடாவில் அனுமதிக்கப்பட்டுள்ளன. வேறு கம்பனி செய்வது, வேலை அதே வேலை. மற்றது, ட்ரிலியம் என்ற மாகாண மருந்துத் திட்டம். குடும்ப வருமானத்தில் சுமார் நான்கு சதவீதம் வரையான மருந்துச் செலவை நாம் ஏற்கவேண்டும், மிகுதியை அரசு ஏற்கும். அந்தத் தொகையையும் காலாண்டுக்குக் கால்வாசியாகவே கட்டினால் போதும். திட்டத்தின் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி தொடங்குகிறது. எங்கள் வருமானத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,400 டொலர், காலாண்டுக்கு 600.

விண்ணப்பம் முடிவாகச் சில கிழமைகள் எடுத்ததால், முதல் ஊசிக்குக் கடன் அட்டையில் முழுப் பணமும் கட்டி, பற்றுச்சீட்டை அனுப்பி, உரிய பங்கைப் பின்னர் மீளப் பெற்றோம். ஆகஸ்ட் நடுவிலிருந்து ஒக்டோபர் நடுவரை, ஒரே காலாண்டுக்குள் நான்கு ஊசிகளும் முடிந்தன. எங்கள் கைக்காசு ஏறக்குறைய அறுநூறு டொலர். அதன்பின் மருந்துத் துண்டு ஒன்றுக்கு இரண்டு டொலர். சீட்டில் கைவைக்கவில்லை.

ஊசிக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. மூன்றாம் நாள் இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உளைந்து, கட்டிலில் புரளவே முடியாதிருந்தது. இரண்டு நாளில் தணிந்தது. நான்கு தடவையும் குறித்த நாளில், காய்ச்சல் இன்றி முடிந்தன. ஊசியால்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். போடாமலே நன்றாக முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஊசி ஆபத்தைக் குறைக்கும், இல்லாமற் செய்யாது. அதனால் ஊசி போட்டவர்களும் வெப்பமானியைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். 38.3 பாகை ஒரு தடவை காட்டினாலோ, 38 பாகை ஒரு மணிநேரம் நின்றாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், கீமோ எடுப்பதாகச் சொல்லவேண்டும். வெப்பத்தை அளக்குமுன் டைலனோல் போட்டுவிடக் கூடாது. அது காய்ச்சலை மறைத்துவிடும். நவராத்திரிக்கு நான் வராததைக் குறையாக எண்ணியவர்களுக்கும் இதுவே பதில்.

எல்லா விலை கூடிய மருந்தையும் நாம் வாங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வாந்திக்கு அப்ரெபிடன்ட் என்ற மாத்திரையும் சொல்லப்பட்டது. எனது கீமோவுக்கு வழமையான மாத்திரைகளோடு தொடங்கிப் பார்க்கலாம் என்றார்கள், அப்படியே தொடங்கினோம். முதல் தடவை மூன்று நாள் வாய்க்குள் ஒன்றும் வைக்க முடியாமற் குமட்டியது. இரண்டாம் தடவை டொக்டர் சேர்த்துத் தந்தது ஒலன்சபின். விலை மிகக் குறைந்த பழைய மருந்து. அது மனநோய்க்குக் கொடுப்பது என்று அறிந்து என் கணவர் பயந்துவிட்டார். குறைந்த அளவில் கீமோக் குமட்டலுக்கு அது நன்கு உதவுவதை 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியிருப்பதாகப் பார்மஸிக்காரர் விளக்கினார். இரவில் ஒன்று போட்டேன். நித்திரை அசத்தியது, ஆனால் இடியப்பமும் சொதியும் வயிற்றில் தங்கின.

மற்றது தலைமுடி. கீமோ ஏறும்போது தலையைக் குளிராக்கும் தொப்பி ஒன்று உண்டு. 2017இல் வெளியான ஆய்வுகளில் அதைப் பாவித்த பெண்களில் அரைவாசிப் பேருக்கு அல்லது அதற்கும் மேற்பட்டோருக்குப் பாதி முடியாவது மிஞ்சியது. செலவு முழுவதும் எங்களுடையதே, ட்ரிலியம் கொடுக்காது. டோசிடாக்செல்லால் சிலருக்கு முடி பிறகும் சரியாக வளராமற் போவதுண்டு என்பதையும் டொக்டர் மறைக்கவில்லை. மகளின் நிச்சயதார்த்தம் தை மாதம். இரண்டு நாள் யோசித்து, வேண்டாம் என்று தீர்மானித்தேன். மொட்டைத் தலையில் சேலை முந்தானையைப் போட்டுக்கொண்டே சம்பந்தி வீட்டாரை வரவேற்றேன். இன்னொரு பெண் அதே பணத்தைத் தொப்பிக்குச் செலவழித்தால் அது ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடி முன் நிற்பவள் அவள்.

ஆகவே, விலை கூடிய மருந்தொன்று சொல்லப்பட்டால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது புற்றுநோயைத் தாக்குவதா, சிகிச்சையைத் தடங்கலின்றி நடத்த உதவுவதா, அல்லது என் கஷ்டத்தைக் குறைப்பதா? போடாவிட்டால் எனக்கு, என் வயதுக்கு, என் உடம்புக்கு ஆபத்து எவ்வளவு? இதே வேலையைச் செய்யும் மலிவான மருந்து உண்டா? பணத்துக்கு யாரிடம் விண்ணப்பிக்கலாம்? இந்த நான்குக்கும் பதில் கிடைக்குமுன் "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். தாலிக்கொடியை அடகுவைக்கவும் ஓடாதீர்கள்.

ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் எமது மன்றத்தில் பலர் இருக்கின்றார்கள். ட்ரிலியம் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது ஒரு மணிநேர வேலை. அதைச் செய்ய என் மூத்த மகள் ஆயத்தமாக இருக்கின்றாள். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் அன்னதான மண்டபத்தில் எங்களைக் காணலாம். வருத்தத்தின் பெயரைச் சொல்ல விரும்பாதவர்கள் சொல்லவேண்டியதில்லை, மருந்தின் பெயர் எழுதிய துண்டு மட்டும் போதும்.