வாழ எவ்வளவு வேண்டும் என்று கேட்டவருக்கு

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

ஏகேபிகே கடன் ஆலோசனை அலுவலகத்தில் உங்கள் மேசைக்கு எதிரே எத்தனையோ குடும்பங்கள் வந்து உட்கார்கின்றன. எங்கள் முகம் உங்களுக்கு நினைவிருக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட முதல் கேள்வியை மட்டும் நாங்கள் மறக்கவே மாட்டோம். “குடும்பம் நடத்த மாதம் எவ்வளவு வேண்டும்?” என்று கேட்டீர்கள்.

அதுவரை எங்களிடம் பேசிய எல்லோரும் கேட்டது, கடனை எப்போது கட்டுவீர்கள் என்பதைத்தான். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியதும் என் கணவரின் பள்ளி வேன் வாசலிலேயே நின்றுவிட்டது. வேன் தவணையை வங்கி ஆறு மாதம் ஒத்திவைத்தது. மளிகைக்கும் மாமியாரின் மருந்துக்கும் கிரெடிட் கார்டைத்தான் நீட்டினோம். குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை மாதாமாதம் கட்டினாலும், ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி அசலை அசைய விடவில்லை. பள்ளிகள் திறந்த பிறகும் பழைய வருமானம் திரும்பவில்லை. தொலைபேசி அடித்தாலே வீடு முழுக்க அமைதியாகிவிடும். விளக்குக் கம்பம்தோறும் ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர்கள் ஒட்டியிருந்த எண்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன.

நீங்கள் அரிசி, வாடகை, மருந்து, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று ஒவ்வொன்றாக எழுதினீர்கள். வருமானத்திலிருந்து அதையெல்லாம் கழித்து, மிஞ்சியதைத்தான் கடனுக்கு ஒதுக்கினீர்கள். பிறகு வங்கிகளோடு பேசி வட்டியைக் குறைத்து, காலத்தை நீட்டித்தீர்கள். இப்போது மாதம் ஒரே தொகையை ஏகேபிகேவிடம் கட்டுகிறோம். அங்கிருந்து அது வங்கிகளுக்குப் பிரிந்து போகிறது. இத்தனைக்கும் எங்களிடம் ஒரு காசு கட்டணம் வாங்கவில்லை. 2006இல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கிய இந்தச் சேவை இலவசம் என்பதே அன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டில் வாழ்வது சுலபம் என்று சொல்லமாட்டேன். கார்டுகளை ரத்து செய்தாயிற்று. வங்கிகள் பார்க்கும் சிசிரிஸ் கடன் பதிவில் எங்கள் நிலை தெரிவதால் புதுக்கடனை நினைக்க முடியாது. தீபாவளிக்குக் கையில் இருப்பதற்குள்தான் துணிமணி. கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது முன்பு எழுதிய தொகையை எழுத முடிவதில்லை. ஆனால் கணக்கு நோட்டைப் பிள்ளைகள் முன்னால் திறந்து வைத்துப் பேசுகிறோம். வேன் பழுதாகிப் பணம் முடையான மாதத்தில், தவணை தவறும் முன்பே உங்களை அழைத்தோம். நீங்கள் கோபப்படவில்லை. “முன்கூட்டியே சொன்னீர்களே, அதுதான் முக்கியம்” என்றீர்கள். அன்று இரவு என் கணவர் நிம்மதியாகத் தூங்கினார்.

இதைத் திறந்த மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ‘ஏகேபிகேவுக்குப் போனால் திவால்’ என்று நம் சொந்தபந்தங்களில் பலர் நம்புகிறார்கள். திவால் என்பது நீதிமன்றம் அறிவிப்பது. கடன் ஒரு லட்சம் ரிங்கிட்டை எட்டினால் கடன் கொடுத்தவர் அதற்கு மனு செய்யலாம். திவாலானவர் அனுமதியின்றி வெளிநாடு போக முடியாது. அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கத்தான் இந்தத் திட்டமே இருக்கிறது. வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்கியிருப்பவர்களே, வட்டிக்காரனைத் தேடிப்போகும் முன் ஒரு முறை அங்கே போய் உட்காருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள்.

அம்மா, எங்கள் கடன் இன்னும் தீரவில்லை. தீர்ந்த பிறகு நன்றி சொல்லலாம் என்று காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. கடன் இருக்கும்போதே மூன்று வேளை சாப்பிட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நடக்கிறோம். அதற்கு வழி செய்தவர் நீங்கள். உங்களுக்கும் உங்களைப் போல அந்த மேசைகளின் பின்னால் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து ஒரு குடும்பத் தலைவி