கடைசிப் புள்ளி எங்கே?

பயப்படாதீர்கள், பெல் அடிப்பதற்குள் படித்து முடித்துவிடலாம்.

தமிழ் அம்மா குற்றியலுகரம் நடத்தும்போது என்ன சொல்வார்கள்? "முன்னாலேர்ந்து படிக்காதே, பின்னாலேர்ந்து பாரு." கடைசி எழுத்து கு, சு, டு, து, பு, று இவற்றில் ஒன்றா? சரி, அதற்கு முந்தின எழுத்து என்ன? 'பாட்டு' என்றால் ட் நிற்கிறது, வன்தொடர். 'வண்டு' என்றால் ண் நிற்கிறது, மென்தொடர். முதலில் இருக்கிற பா-வையும் வ-வையும் யாரும் கேட்பதே இல்லை. பகுபதம் பிரிக்கும்போதும் அப்படித்தான். முதலில் விகுதியைக் கழற்று என்பார்கள். அது வாலில் இருக்கிறது.

நம்ம பாண்டி தெருப் பலகைகளையும் பாருங்கள். பிரெஞ்சில் 'ரூ டூமா' என்று எழுதியிருக்கும். தெரு என்கிற சொல் முதலிலேயே வந்துவிடும். தமிழில் அதுவே 'டூமா வீதி'. அது வீதியா, சாலையா என்று தெரிய கடைசி வரைக்கும் போக வேண்டும். 'ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி' என்ற பெயரை முன்னாலிருந்து தேடினால் முதலில் 'கோயில்' மாட்டும். ஆஹா, கோயில் என்று முடிவு கட்டிவிடுவோம். பின்னாலிருந்து வந்தால்தான் அது வீதி என்று தெரியும். (பாரதியார் 1908-இலிருந்து 1918 வரை பாண்டியில் இருந்தாரே, அவர் குடியிருந்த வீடு இந்த வீதியில்தான் இருக்கிறது. பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டருக்கும் இந்த இரண்டு வழியும் தெரியும். பைத்தான் மொழியில் 'ஃபைண்ட்' என்று கேட்டால் முன்னாலிருந்து தேடி, முதலில் கண்ட இடத்தைச் சொல்லும். 'ஆர்ஃபைண்ட்' என்று கேட்டால் கடைசியாக எங்கே இருக்கிறது என்று சொல்லும். ஆர் என்றால் ரைட், அதாவது வலது பக்கம். எங்கேயுமே இல்லாவிட்டால் இரண்டும் மைனஸ் ஒன்று என்று சொல்லிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள்.

அவள் எடுத்துக்கொண்ட உதாரணம் வ.உ.சிதம்பரனார். இந்தப் பெயரில் இனிஷியல் எது, பெயர் எது என்று பிரிக்க வேண்டும். கம்ப்யூட்டர் 0-இலிருந்து எண்ணும். வ என்பது 0, புள்ளி 1, உ என்பது 2, அடுத்த புள்ளி 3. 'ஃபைண்ட்' வைத்துப் புள்ளியைத் தேடினால் 1 என்று சொல்லும். அந்த இடத்தில் வெட்டினால் இனிஷியல் 'வ', பெயர் 'உ.சிதம்பரனார்' ஆகிவிடும். தப்பு! 'ஆர்ஃபைண்ட்' வைத்தால் 3 என்று சொல்லும். அங்கே வெட்டினால் இனிஷியல் 'வ.உ', பெயர் 'சிதம்பரனார்'. சரியாக வந்துவிட்டது.

"பின்னாலேர்ந்துதானே தேடுச்சு, அப்ப நம்பரும் பின்னாலேர்ந்துதானே வரணும்?" என்று கேட்டேன். "வீதியோட கடைசிலேர்ந்து நடந்து வந்தா கதவு நம்பர் மாறிடுமாடி?" என்று கேட்டாள். அதுவும் சரிதான்.

எனக்கு இன்னொரு சந்தேகம். 'சிதம்பரனார்' என்பதில் கடைசி ர் தலையிலும் ஒரு புள்ளி இருக்கிறதே, பின்னாலிருந்து வந்தால் அதுதானே முதலில் மாட்டும்? அக்கா சிரித்தாள். ஆனால் நல்ல கேள்வி என்றும் சொன்னாள். நமக்கு இரண்டும் புள்ளிதான். கம்ப்யூட்டருக்கு மெய்யெழுத்தின் புள்ளி வேறு, இனிஷியலுக்குப் பக்கத்தில் வைக்கிற புள்ளி வேறு. யூனிகோடில் இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்கள். நாம் 'ர்' என்று ஒரே எழுத்தாக எழுதுவதை அது ர ஒன்று, தலைப்புள்ளி ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்கிறது. அதனால் 'சிதம்பரனார்' என்ற சொல்லின் கடைசி ஒன்றை மட்டும் கொடு என்று கேட்டால் ர் வராது, அந்தப் புள்ளி மட்டும்தான் வரும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட ஆச்சரியமாக இருந்தது.

இதெல்லாம் ஏன் கற்றுக்கொண்டேன் என்று கேட்பீர்கள். என் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து இருப்பது என் வகுப்புக்குத் தெரியும். முதல் எழுத்து அப்பாவுடையது. எனக்கு மூன்று வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். இரண்டாவது எழுத்து அம்மாவுடையது. பள்ளியில் சேர்க்கும்போது ஆயாதான் "அவ எழுத்தையும் சேர்த்து எழுதுங்க" என்று சொல்லிச் சேர்த்தார்களாம். அம்மா பெரிய மார்க்கெட் பக்கம் பூ விற்கிறார்கள்.

போன வருஷம் உதவித்தொகை எல்லாருக்கும் வந்தது, மூன்று பேருக்கு மட்டும் வரவில்லை. அதில் நான் ஒருத்தி. பாங்க் பாஸ்புக்கில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு ஒரு ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்தார்கள். மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன். அங்கே இருந்தவர், "அந்த ரெண்டாவது எழுத்தை எடுத்துடுங்கம்மா. ஒரே இனிஷியல் வெச்சா பிரச்சினையே வராது" என்றார். கோபமாக இல்லை, நல்லதுக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அது என் எழுத்து சார்" என்றார்கள். அவ்வளவுதான். எழுந்து வந்துவிட்டோம்.

அன்று ராத்திரி அக்காவிடம் அந்தப் பட்டியலின் நகலைக் காட்டினேன். இனிஷியலுக்கு ஒரு கட்டம், பெயருக்கு ஒரு கட்டம். என் இனிஷியல் கட்டத்தில் அப்பா எழுத்து மட்டும் இருந்தது. அம்மா எழுத்து புள்ளியோடு போய் என் பெயர்க் கட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா மற்ற இரண்டு பேரையும் தேடிப் பார்த்தாள். அவர்களுக்கும் இரண்டு இனிஷியல். அவர்களுக்கும் அதே மாதிரி! "முதல் புள்ளியில வெட்டியிருக்காங்கடி" என்றாள்.

அப்புறம் அவள் சொன்னதுதான் முக்கியம். வ.சுப்பையா என்ற பெயரை எடுத்துக்கொள். நம்ம பாண்டி விடுதலைப் போராட்டத் தலைவர். அந்தப் பெயரில் முன்னாலிருந்து தேடினாலும் 1, பின்னாலிருந்து தேடினாலும் 1. ஒரே புள்ளி இருப்பவர்களுக்கு எப்படித் தேடினாலும் சரியாகத்தான் வரும். பட்டியலில் முக்கால்வாசிப் பேர் அப்படி. அதனால் சோதித்துப் பார்த்தவர்களுக்கும் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். இரண்டு புள்ளி வைத்திருக்கிற நாங்கள்தான் மாட்டிக்கொண்டோம். அங்கே மாற்ற வேண்டியது 'ஃபைண்ட்' என்பதை 'ஆர்ஃபைண்ட்' என்று, அவ்வளவுதான். ஆனால் எங்களைப் பெயரை மாற்றச் சொன்னார்கள்.

வகுப்பு டீச்சர் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மூன்று பெயருக்கும் அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து எனக்கும் இன்னொரு மாணவிக்கும் பணம் வந்தது. பெயரும் பாஸ்புக்கில் இருப்பது போலவே வந்தது. மூன்றாவது மாணவி அதற்குள் பாஸ்புக்கில் ஒரு எழுத்தை எடுத்துவிட்டிருந்தாள். எடுத்தது அவள் தாத்தா எழுத்து. இப்போது பட்டியலில் இரண்டு எழுத்து, பாஸ்புக்கில் ஒரு எழுத்து. அவள் அப்பா மறுபடியும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

அக்காவிடம், இனிமேல் எல்லாரும் கடைசிப் புள்ளியில் வெட்டினால் தப்பே வராதா என்று கேட்டேன். "அவசரப்படாதே" என்று ஒரு பெயரை எழுதிக் கொடுத்தாள். அது 'ம.பொ.சி.' பின்னாலிருந்து தேடுங்கள். கடைசிப் புள்ளி எங்கே இருக்கிறது? அங்கே வெட்டினால் பெயர்க் கட்டத்தில் என்ன மிஞ்சும்? யோசித்து உங்கள் விடையை இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதுங்கள். என் விடை அடுத்த இதழில்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி