வண்டியின் அடியும் மலைப்பாதையும்

வீட்டையே சுமந்து செல்லும் மேனாட்டு வண்டிகள், சரிவான இடத்திலும் மட்டமாக நிற்பதற்கெனத் தம் அடியில் ஜாக்கிகளைக் கொண்டிருக்கும். மடக்கிய பின்னும் அவை தாழ்ந்து தொங்கினால், மேடு கண்ட இடத்தில் உரசி முறியும். வண்டி தடையின்றிச் செல்லுமா என்பதை அறுதியிடுவது அதன் மிகத் தாழ்ந்த உறுப்பே அன்றோ!

அத்தகைய வண்டியைக் காணாதவராயினும், 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகல மலைச் சாரலிலுள்ள எங்கள் ஸ்பிரிங்வெளி ஆட்டோ ஓட்டுநர் இவ்வுண்மையை நன்கறிவர். மழை அரித்த பள்ளம் வந்ததும் உடன் வருவோரை இறக்கிவிடுவர். பாரம் குறைய, வண்டியின் அடி சற்றே உயரும். ஆயினும், பதுளை ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நிறைமாதக் கர்ப்பிணியை இறங்கி நடக்கச் சொல்லலாகுமோ? ஐப்பசி மழைக்கு முன்னரே கான் வெட்டி, நீரை ஒதுக்கிப் பாதையைக் காப்பதே அவளுக்கு நாம் செய்யும் முதலுதவி.