கூரைக்கு உள்ளே ஒரு கூரை

வண்டியில் ஏறி அமர்கிறவர் இருக்கையைப் பார்ப்பார். சன்னலுக்கு வெளியே பார்ப்பார். அண்ணாந்து பார்ப்பவர் அரிது. தலைக்கு மேலே விரிந்திருக்கும் துணி நம் நினைவுக்கு வருவது, அது தொய்ந்து முடியைத் தொடும் நாளில்தான். குஷன் கடைக்காரர்கள் 'ரூஃப் லைனிங்' என்று சொல்லும் அந்த உட்கூரை வெறும் அழகுக்காக அமைந்ததன்று. சித்திரை வெயிலில் கொதிக்கும் இரும்புத் தகட்டின் சூடு நேரே தலையில் இறங்காமல் தடுப்பதும், அத்தகட்டின்மேல் விழும் மழையின் இரைச்சலைத் தணிப்பதும் அதுவே. தன் கடமையை ஒழுங்காகச் செய்யும்வரை எவர் கண்ணிலும் படாதிருப்பது அதன் இயல்பு. வீட்டுக்கு வீடு அப்படி ஒருவரேனும் இருக்கிறார்.

எங்களிடம் இருப்பது 1968ஆம் ஆண்டின் அம்பாசிடர், மார்க் 2. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை முன்மாதிரியாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியில் செய்யத் தொடங்கிய வண்டி அது. 2014ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. புது வண்டிக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில், 1976இல், அப்பா அதைப் பழைய வண்டியாகவே வாங்கினார். எங்கள் பங்கில் எத்தனையோ மணமக்கள் அதில் கோவிலுக்கு வந்து இறங்கினார்கள். பிரசவ வலியெடுத்த பெண்களை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அந்த வண்டிதான்.

2019இல் அப்பா இறந்தார். பாகப்பிரிவினையில் வீடும் வயலும் பிரிந்தன, பாத்திரங்களும் பிரிந்தன. பிரிக்க முடியாமல் நின்றது வண்டி ஒன்றே. விற்றுப் பணமாக்கிவிடலாம் என்றான் தம்பி. கூடாது என்றேன் நான். வார்த்தை தடித்தது. பிறகு வார்த்தையே இல்லாமற் போயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வண்டி கொட்டகையில் நின்றது. தூத்துக்குடியின் உப்புக் காற்று சும்மா இருக்குமா? முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்து, அதன் வழியே மழைநீர் கசிந்தது. லைனிங்கின் மூட்டுகளைப் பிணைத்திருந்த நூல் இற்றது. ஒருநாள் கதவைத் திறந்தபோது ரெக்சின் பாதிக்குமேல் அவிழ்ந்து இருக்கையின்மீது கிடந்தது.

முதலில் கேட்ட கடையில், பஞ்சு ஒட்டிய துணியை அட்டையில் பதித்து ஒரே நாளில் பொருத்தித் தருவதாகச் சொன்னார்கள். இக்காலத்துக் கார்களுக்கு அந்த முறைதான். ஆனால் அந்தப் பஞ்சு வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் மாவாக உதிர்ந்துவிடும். துணி பை போலத் தொங்கும். மேலும், அம்பாசிடரின் கூரை அட்டைக்கென்று அமைந்ததன்று. அதன் லைனிங் ஒட்டப்படுவதில்லை, தொங்கவிடப்படுகிறது. ரெக்சினைப் பட்டை பட்டையாக வெட்டி மூட்டுவார்கள். ஒவ்வொரு மூட்டின் முதுகிலும் ஒரு துணிக்குழாய் இருக்கும். அதனுள் வளைந்த கம்பி ஒன்று நுழையும். கம்பியின் இரு முனைகளும் கதவுகளுக்கு மேலுள்ள துளைகளில் அமரும். நம் பழைய கோவில்களின் வளைவுக் கூரையை நினைத்துக்கொண்டால் போதும். கல் விலாக்களுக்குப் பதில் இங்கே கம்பிகள். விளிம்பு மட்டுமே 'சொல்யூஷன்' தடவி ஒட்டப்படும்.

இந்த வேலை தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் சொன்ன முதற்சொல்: "பழசைக் கிழிச்சிராதீங்க சார். அதுதான் நமக்கு அளவு."

எறியப்போகும் துணியை அவர் கழற்றிய விதம் என்னை வியக்கவைத்தது. விளக்கையும் வெயில் மறைப்பையும் எடுத்தார். முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் இறக்கினார். விளிம்பை அங்குலம் அங்குலமாக உரித்தார். கம்பிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றன் வளைவு மற்றொன்றுக்கு இல்லை; இடம் மாறினால் கூரையின் வடிவம் கெடும். ஆகவே ஒவ்வொன்றிலும் எண் எழுதிய தகரத்துண்டைக் கட்டி, எந்தத் துளையில் இருந்தது என்பதையும் குறித்துக்கொண்டார்.

லைனிங் இறங்கியதும் தகட்டின் உட்புறம் தெரிந்தது. அங்கே சுண்ணக்கட்டியால் எழுதிய ஓர் எண் அழியாமல் இருந்தது. உத்தர்பாராவில் எந்தத் தொழிலாளி எழுதியதோ! துணி மூடியபின் எவரும் காணப்போவதில்லை என்று தெரிந்தும், தெளிவாகவே எழுதியிருந்தார்.

ஓட்டுநர் பக்க மூலையில் ஒரு ஒட்டும் இருந்தது. 1983இல் கட்டிலின் கால் குத்திக் கிழித்த இடம் அது. குடை நூலால் அம்மா தைத்தது. அதை விரலால் தடவிப் பார்த்த பாய், "இழுத்துத் தைக்கலை சார், துணியோட போக்குலயே போயிருக்காங்க" என்றார். நான் அதைத் தனியே எடுத்துவைக்க விரும்பினேன். எண்பது கடந்த அம்மாவோ, "அளவெடுத்தாச்சுல்லா? பின்ன என்னத்துக்கு அதக் கட்டி அழுதிய?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

மூட்டுகளைப் பிரித்துப் பழைய பட்டைகளைப் புதிய ரெக்சின்மேல் விரித்தபோது, பாய் அவற்றின் ஓரத்தை ஒட்டிக் கோடு போடவில்லை. இரண்டு விரல் தள்ளியே போட்டார். காரணம் கேட்டேன். ரெக்சினை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை ஆண்டுகள் செல்லச்செல்ல வெளியேறிவிடும்; அதனால் அது இறுகிச் சுருங்கும். உள்ளது உள்ளபடி அளவெடுத்தால் புதியது கூரைக்கு எட்டாது. வடிவத்துக்குப் பழையதை நம்ப வேண்டும். அளவுக்கோ அது சுருங்கியிருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெற்றோர் விட்டுச்சென்ற எதற்கும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றிற்று. அப்படியே காப்பேன் என்று நின்ற நானும், எறிந்துவிடலாம் என்று நின்ற தம்பியும் அந்த இரண்டு விரலை எண்ணிப் பார்த்ததில்லை.

பொருத்தும் நாளில் பாய், "எதிர்ப்பக்கம் பிடிக்க ஒருத்தர் வேணும், கூலிக்காரன் வேண்டாம், பொறுமையா நிக்கிற ஆள் வேணும்" என்றார். அம்மாதான் தம்பிக்குச் சொல்லி அனுப்பினார். அவன் வந்தான், என் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் வலப்பக்கம் போய் நின்றான்.

வெயிலில் விரித்து இளக்கிய ரெக்சினைக் கம்பிகளில் தொங்கவிட்டு, கூரையின் நடுக்கோட்டோடு அதன் நடுக்கோட்டைப் பொருத்தினார் பாய். முதலில் முன்னும் பின்னும் இழுத்து நிறுத்தினார், பிறகு பக்கங்கள். சொல்யூஷனை இரு முகத்திலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு மூட்டையும் அதன் நேர்கோட்டிலேயே இருபுறமும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒருவர் வலிந்து இழுத்தால் மூட்டு கோணும். ஒருவர் தளர்த்தினால் சுருக்கம் விழும். எதிரே இருப்பவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதைத் துணி வழியாகத்தான் அறிய முடியும். "போதுமா அண்ணே?" என்றான் தம்பி. "கொஞ்சம் விடு" என்றேன். நெடுநாளைக்குப் பின் நாங்கள் பேசிய பேச்சு அவ்வளவே. மாலைக்குள் அந்த இரண்டு சொற்றொடர்களையும் பலமுறை சொல்லியிருப்போம். கடைசி மூட்டு நேராக நின்றபோது தம்பி அண்ணாந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

வண்டி இப்போது தம்பி வீட்டில் நிற்கிறது. ஞாயிறுதோறும் அம்மாவைத் திருப்பலிக்கு அழைத்துப்போக வருகிறான். எங்களுக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வயலின் வரப்பைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் பேசலாம் என்ற நிலை வந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கம்பிகளில் கட்டிய எண் தகடுகளைப் பாய் அகற்றவில்லை. துரு ஏறாத கம்பியால் அவற்றை இறுக்கிக் கட்டி, துணிக்குள்ளேயே விட்டுவிட்டார். மறந்துவிட்டாரோ என்று நினைவுபடுத்தினேன். "இதுவும் ஒருநாள் தொய்யும் சார். அடுத்து கழட்டுறவனுக்கு ஆகும்" என்றார். இருபதோ முப்பதோ ஆண்டுகள் கழித்து, நம் பிள்ளைகளோ அயலார் எவரோ அந்த லைனிங்கை இறக்கும்போது எந்தக் கம்பி எங்கே போகும் என்று தடுமாற வேண்டியிருக்காது.