நடுவுல முனகுது

செனாயில் எனக்கு என்ன வேலை என்று கேட்கும் உறவினர்களிடம், "மெஷின் சொன்ன எடத்துல போய் நிக்குதான்னு பாக்குறது" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அவ்வளவுதான் வேலையும். சர்வோ மோட்டாரின் பின்பக்கம் என்கோடர் இருக்கும்; 17 பிட் என்றால் ஒரு சுற்றை 131,072 பங்காக எண்ணும். போகச் சொன்ன இடத்துக்கும் போயிருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் அலாரம். தாண்டாதவரை திரையில் பச்சை.

சோதிக்கும் மென்பொருளை ஆப்ஜெக்ட் முறையில் எழுதுகிறோம். ஒவ்வோர் அச்சும் ஓர் ஆப்ஜெக்ட். "நகர்", "நில்", "எங்கே இருக்கிறாய்" என்று கேட்டால் போதும்; உள்ளே எந்த டிரைவ் என்பது கேட்பவனுக்கு வேண்டாம். நிஜ மோட்டாருக்குப் பதில் பொய் மோட்டாரை வைத்தும் சோதிக்கலாம், யார் விரலும் நசுங்காது. இந்த முறை பிறந்ததே பாவனைக்காகத்தான். நார்வேயில் டாலும் நைகார்டும் 1960களில் செய்த சிமுலா, நிஜ உலகைக் கணினிக்குள் நடித்துக்காட்ட வந்த மொழி. ஆலைக் கன்ட்ரோலர்களுக்கான ஐஇசி 61131-3 தரத்தில் இது நுழைய 2013 ஆனது. ஆலைகள் அப்படித்தான், எதையும் மெதுவாகத்தான் நம்பும்.

எங்கள் லைனில் எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லாருக்கும் அண்ணன். ஒருநாள், "தம்பி, மூணாவது மெஷின் நடுவுல முனகுது" என்றார். திரை பச்சையாகத்தான் இருந்தது. ஆனாலும் அச்சை ஒரே வேகத்தில் ஓட்டி, ஒவ்வோர் இடத்திலும் மோட்டார் எவ்வளவு டார்க் கொடுக்கிறது என்று வரைந்தேன். நடுவில் மேடு! பால் ஸ்குரூவில் அதிகம் ஓடும் பகுதி அது. கிரீஸ் காய்ந்து தடம் சொரசொரத்திருந்தது. சர்வோ கூடுதலாக முக்கி அதை மறைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் அலாரம் அடிக்கவில்லை.

சோதனையை அச்சு என்ற கிளாஸில் ஒருமுறை எழுதினேன். எல்லா மெஷினுக்கும் வந்துவிட்டது. அதற்கு 'முனகல்' என்றே பெயர் வைத்தேன். சீனக் கூட்டாளி அர்த்தம் கேட்டான், சொன்னேன்.

"அப்ப இனிமே என் காது வேணாம்ல?" அண்ணன் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

திரை வந்த பிறகு லைனுக்கு ஓர் ஆள் போதும் என்று மேலே பேச்சு. அறிக்கையில், முதலில் கேட்டவர் என்று அவர் பெயரைப் போட்டிருந்தேன். "சிஸ்டம் கண்டுபிடிச்சதுதானே?" என்றார் மேனேஜர். இல்லை என்றேன். அந்த வரியை எடுக்காமல் அனுப்பியிருக்கிறேன். அண்ணனின் கான்ட்ராக்ட் டிசம்பரில் முடிகிறது.