பாட்டை விட்டவர்கள்

கச்சேரி செய்வதை நிறுத்திய பிறகு வித்வான்கள் என்ன செய்வார்கள்? சிஷ்யர்களுக்குப் பாடம் சொல்வார்கள். மார்கழியில் சபாவின் முன்வரிசையில் உட்கார்ந்து, மேடையில் இருப்பவரின் தாளத்தைத் தம் தொடையில் திருத்துவார்கள். சரித்திர நாவல் எழுத உட்கார்ந்த வித்வானை நான் பார்த்ததில்லை. 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமர்சனம் எழுதிய கல்கி சரித்திர நாவல்களும் எழுதினார். ஆனால் அவர் கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

ஸ்டெபனி கவல் என்ற அமெரிக்கப் பெண்மணி பாடும் பக்கத்திலிருந்து வந்தவர். உச்ச ஸ்தாயியில் துரித சங்கதிகள் உதிர்க்கும் சொப்ரானோ குரலுடன் ஆபெராக்களில் பாடினார். பிறகு அதை விட்டுப் பேனாவை எடுத்தார். 1993-ல் முதல் நாவல். 1995-ல் வந்த இரண்டாவது நாவல் அமெரிக்கன் புக் அவார்டு பெற்றது. 1997-ல் வந்த மூன்றாவது, இளம் ஷேக்ஸ்பியரைப் பற்றியது. மூன்றும் பழைய இங்கிலாந்தின் கதைகள். 2004-ல், நான்காவது நாவலில்தான் 'மேரியிங் மோட்ஸார்ட்' என்று பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். மோட்ஸார்ட் 1777-ல் மன்ஹைம் நகரில் சந்தித்த வெபர் குடும்பத்துச் சகோதரிகள் நால்வரின் கதை அது.

இரண்டாமவள் அலாய்சியாவை அவர் காதலித்தார், அவள் மறுத்தாள். மூன்றாமவள் கான்ஸ்டான்ஸை 1782-ல் மணந்தார். அதற்கு முன், 1781 டிசம்பரில், தந்தையைச் சம்மதிக்க வைக்க ஒரு கடிதம் எழுதினார். மூத்தவள் யோசெஃபா சோம்பேறி, வஞ்சகி, அலாய்சியா பொல்லாதவள், கான்ஸ்டான்ஸ் ஒருத்திதான் தங்கம் என்று அதில் கண்டிருக்கிறது. கல்யாணத்துக்குத் துடிக்கும் பிள்ளை அப்பாவுக்கு எழுதுகிற கடிதத்தில் வேறென்ன இருக்கும்?

ஆனால் 1791-ல் 'மாயப் புல்லாங்குழல்' ஆபெராவில், இரவின் ராணி என்ற பாத்திரத்தை யாருடைய குரலுக்காக எழுதினார் தெரியுமா? அந்தச் 'சோம்பேறி' யோசெஃபாவுக்காகத்தான்! இன்றைக்கும் பாடகிகள் பயந்து பயந்து தொடும் உச்ச ஸ்வரங்கள் அதில் உண்டு. விடாத சாதகம் இல்லாத தொண்டைக்கு அவை எட்டவே எட்டா.

கடிதத்தைப் படிப்பவருக்கு ஒரு யோசெஃபா கிடைக்கிறாள். ஸ்வரத்தைப் பாடிப் பார்த்தவருக்கு இன்னொருத்தி கிடைக்கிறாள். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் உள்ளூர ஒரு நடுக்கம் உண்டு. அவர்கள் எழுந்து வந்து மறுப்புச் சொல்ல முடியாதே! கிடைத்த ஏட்டையே பிரமாணமாகக் கொண்டால், எழுதி வைத்தவன் கட்சிக்கு நாம் குமாஸ்தா வேலை பார்ப்பதாக ஆகிவிடும்.

மேனாட்டுப் பாடகிக்கோ இது பழகிய தொழில். என்றோ மறைந்தவர் காகிதத்தில் இட்ட புள்ளிகளுக்குத் தன் மூச்சைக் கொடுத்து, ஒரு ஸ்வரமும் பிசகாமல் பாட வேண்டும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் உள்ள உயிர்தான் அவளுடையது. சரித்திர நாவலாசிரியனுக்கு உள்ள உரிமையும் அவ்வளவுதான் என்பது என் கட்சி.