பன்றிக்கு எந்தத் தோட்டா?

தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்கும் துப்பாக்கித் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள், வாசகர்களே. கேட்பது நியாயம்தான். நான் இதுவரை ஒரு காக்கையைக்கூடச் சுட்டவனல்லன். ஆனால் கெடாவில், பீடோங்குக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். ஜெராய் மலையடிவாரத்தில் இருப்பவனுக்குக் காட்டுப் பன்றியைத் தெரியாமல் இராது. லயத்துக் கொல்லையில் மரவள்ளியைக் கிளறிப் போடுவதும் செம்பனைக் கன்றின் குருத்தைத் தின்று தீர்ப்பதும் அதன் வேலைதான்.

அமெரிக்காவில் ‘எல்க்’ என்று ஒரு பெரிய மான் இருக்கிறது. நன்கு வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். அதை வேட்டையாடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் குண்டின் எடையைப் பற்றித்தான் வாதாடுவார்கள். ஒரே ரைபிளுக்கு 150 கிரெயின் குண்டும் கிடைக்கும், 180-ம் கிடைக்கும், 200-ம் கிடைக்கும். கிரெயின் என்பது பழைய எடைக் கணக்கு. 7000 கிரெயின் ஒரு ராத்தல். 180 கிரெயின் குண்டு ஏறக்குறைய 11.7 கிராம். லேசான குண்டு வேகமாய்க் கிளம்பும். ஆனால் பெரிய மிருகத்தின் தோள் எலும்பில் பட்டால் சிதறி அங்கேயே நின்றுவிடக்கூடும். கனமான குண்டு சற்று மெதுவாய்க் கிளம்பினாலும் உள்ளே ஆழமாய்ப் போகும். (குண்டை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். அந்த வாதம் விடிய விடிய நடக்கும், நமக்கு வேண்டாம்.)

‘எல்க்’ என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் இலங்கையில் இருந்த வெள்ளைக்காரர்கள் அங்கிருந்த கடமானைத்தான் ‘எல்க்’ என்று அழைத்தார்கள். சாமுவேல் பேக்கர் என்பவர் இலங்கை வேட்டையைப் பற்றி 1854-இல் வெளியிட்ட புத்தகத்திலும் அந்தப் பெயர்தான். அதே கடமானை இங்கே மலாய்க்காரர்கள் ‘ரூசா’ என்கிறார்கள்.

நிற்க. நம் தோட்டங்களில் ரைபிள் ஏது? உரிமம் உள்ளவர்களிடம் இருப்பது பெரும்பாலும் 12 போர் துப்பாக்கிதான். அதன் குழாய்க்குச் சரியாய்ப் பொருந்தும் ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல், அதனால் அந்தப் பெயர். இதிலும் எடைப் பிரச்சினை உண்டு, ஆனால் வேறு விதமாக. தோட்டாவுக்குள் போடும் ஈயம் ஏறக்குறைய ஒரே அளவுதான், சுமார் 32 கிராம். அதை எத்தனை ரவையாகப் பிரிப்பது என்பதுதான் கேள்வி. இங்கிலீஷ் கணக்கில் ஆறாம் நம்பர் ரவை ஓர் அவுன்சுக்கு 270, பி.பி. ரவை 70, எஸ்.ஜி. ரவை எட்டே எட்டு. எஸ்.ஜி. ரவை ஒன்று மூன்றரை கிராம் இருக்கும். பி.பி. ரவை அரை கிராம்கூட இராது.

என் பிள்ளைகளுக்கு இதை நான் ரப்பர் கொட்டையை வைத்துச் சொல்வேன். ஒரு கொட்டையையும் அதே அளவுள்ள கூழாங்கல்லையும் ஒரே பலத்தோடு வீசச் சொல்வேன். கொட்டை கையை விட்டு வேகமாகத்தான் போகும். கொஞ்ச தூரத்தில் காற்றோடு சமாதானமாகி விழுந்துவிடும். கல் போய்க்கொண்டே இருக்கும். குட்டி ரவையும் அந்தக் கொட்டை மாதிரிதான்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் என் தாய்மாமா. தோட்டத்தில் காவல் வேலை, உரிமம் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கி. 1990-ஆம் ஆண்டு வாக்கில் என்று நினைக்கிறேன். டவுனிலிருந்து வந்த ஒருவர், கைக்குக் கிடைத்த பறவைத் தோட்டாவால் ஒரு கிழட்டு ஆண் பன்றியைச் சுட்டுவிட்டு, அது ஓடிப் போயிற்று என்று வீடு திரும்பிவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை, இருட்டு விலகாத நேரம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன ஓர் அம்மாள் அது படுத்திருந்த நிரைக்குள் நுழைந்தார். கோரைப் பல் தொடையைக் கிழித்துவிட்டது. லாரியில் போட்டுச் சுங்கைப்பட்டாணிக்குக் கொண்டு ஓடினார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் மறுபடி மரத்தடிக்கு அவர் போகவே இல்லை. அவருடைய மகன் என்னோடு படித்தவன். அந்த வருஷத்தோடு பள்ளியை விட்டுக் கடையில் வேலைக்குப் போனான்.

அன்று மத்தியானம் மாமா அந்தப் பன்றியைத் தேடிப் போய் முடித்தார். ஆண் பன்றிக்குத் தோள்மேல் கேடயம் போலத் தடித்த தோல் உண்டு. அறுத்தபோது அந்தத் தோலுக்குள்ளேயே நின்றுபோன ரவைகளைப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தார். பக்கத்தில் தம்முடைய எஸ்.ஜி. ரவை ஒன்றையும் வைத்தார்.

“எண்ணிப் பாருடா. முப்பது உள்ளே போயிருக்கு. ஒண்ணாவது நெஞ்சைத் தொட்டிருக்கா?”

“கிட்டக்கச் சுட்டிருந்தா, மாமா?”

“கிட்டக்க வர்றவரைக்கும் அவனுக்குப் பொறுமை இருந்திருந்தா, சரியான தோட்டாவை எடுத்திருக்கவும் பொறுமை இருந்திருக்கும்.”

அப்படியானால் எல்லாவற்றிலும் கனமான ஒற்றைக் குண்டையே போட்டுவிடலாமே என்பீர்கள். ஓர் அவுன்ஸ் ஈயம் ஒரே கட்டியாகப் பாய்ந்தால் பன்றி என்ன, கடமானும் சாயும். ஆனால் குறி தவறினால் அது பல நூறு கஜம் பறக்கும். நம் தோட்டத்தில் பல நூறு கஜத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது? லயம், ஸ்டோர், கோவில், பள்ளிக்கூடம். ஆகையால்தான் மாமா ஒற்றைக் குண்டைத் தொடமாட்டார். எஸ்.ஜி. தோட்டா, முப்பது கஜத்துக்குள், பின்னால் மண்மேடு இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் துப்பாக்கியை மடித்துக்கொண்டு வந்துவிடுவார். பன்றிக் கறிக்குக் காத்திருந்தவர்கள் திட்டுவார்கள், காதில் வாங்கமாட்டார்.

இன்றைக்குத் துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம், வேட்டைக்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இன்னோர் உரிமம். 2021 கடைசியில் தீபகற்பத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டு, காட்டுப் பன்றிகளும் அதில் செத்தன. ஆனாலும் செம்பனைக் கன்று நட்ட இடத்தில் மண் கிளறிய அடையாளம் தெரிந்தால், நிர்வாகம் உரிமம் உள்ளவர்களை அழைக்கிறது. அவர்கள் வரும் நாளைத் தண்டல் முன்கூட்டியே எனக்குச் சொல்லிவிடுவார். நான் பிள்ளைகளைச் சாலையோடு வரச் சொல்லிவிட்டு, வந்தவர்களிடம் போய் என்ன ரவை கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். முதலில் சிரிப்பார்கள். பிறகு பையைத் திறந்து காட்டுவார்கள்.